எண்பது மீட்டர் கேபிளும் கண்டக்டரின் பாட்டுப் புத்தகமும்

இரண்டாயிரத்து மூன்றில் நான் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். திருப்பத்தூரில் கல்லூரி முடித்துவிட்டு ஒரு சூட்கேஸோடு வந்தவளுக்கு, அண்ணனும் அண்ணியும் தங்கள் இரண்டறை வீட்டில் ஓர் அறையை அப்படியே விட்டுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்வதுதான் என் வேலை. நானும் எழுதுகிறேன் என்று இரண்டு முறை கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை.

அண்ணி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மெயின் ரோடு முனையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு அழைப்பு, வாடகைக்கு வீடு போர்டு என்று தமிழிலும் கன்னடத்திலும் எது கேட்டாலும் அடித்து, அழகாகப் பக்கம் கட்டிக் கொடுப்பார். கூட வேலைக்கு ஒரு கன்னடக்கார அக்கா இருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். தமிழ் டைப்பிங் மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும். அண்ணன் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார்.

அந்த வருடம் அண்ணி இரண்டாம் முறையாகக் கர்ப்பமானார். முதல் முறை நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டிருந்தது. அதனால் டாக்டர் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படிக்கட்டு ஏறக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது, நாளில் பெரும்பகுதி படுத்தே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அண்ணி அழவில்லை. கடையை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார். தமிழ் வேலை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடி அண்ணி அதில் அடிப்பார். அடித்ததை ஃப்ளாப்பியில் போட்டு அண்ணனோ நானோ கடைக்கு எடுத்துப் போவோம். கடையிலிருந்து திருத்தங்கள் இன்னொரு ஃப்ளாப்பியில் வரும். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பத்திரிகை இருந்த ஃப்ளாப்பி கடையில் திறக்கவே மாட்டேன் என்றது. அதே நாளில் இன்னொரு பத்திரிகையின் பழைய பிரதி அச்சுக்குப் போய், மாப்பிள்ளையின் அப்பா பெயர் தப்பாக வந்தது. எது புதுசு எது பழசு என்றே யாருக்கும் தெரியவில்லை. அண்ணி மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் அண்ணி என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

எங்கள் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். அதில் ஒன்றை ஆட்டோவில் மடிமேல் வைத்து எடுத்து வந்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். மானிட்டர் இல்லாமல், அண்ணியின் கட்டிலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எங்கள் வீட்டு சர்வர், கடை ஃபைல்களையும் வீட்டு ஃபைல்களையும் சேர்த்துவைக்கப் போகிற கம்ப்யூட்டர். அதன் உறுமலில் நல்லாத் தூக்கம் வருது என்பார் அண்ணி. கொஞ்ச நாளில் ஈரம் போகாத தலையணை உறைகளை அதன் மேல் விரித்துக் காயவைக்கவும் ஆரம்பித்தார்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வீடுகள். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்க மொட்டை மாடி வழியாகக் கேபிள் இழுத்தால் எண்பது மீட்டர் வரும். முதல் வீட்டில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் குடும்பம். இரண்டாவது வீட்டில் உருது பேசும் ஒரு குடும்பம். நானே போய்க் கேட்டேன். என்ன ஏது என்று அவர்கள் அதிகம் விசாரிக்கவில்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லாததால் வீட்டிலிருந்தே வேலை செய்ய என்றதும் இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள். தெருவுக்குக் கேபிள் டிவி இணைப்பு கொடுக்கும் ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அதில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். ஈர ஜீன்ஸ் ஒன்று தொங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். நான் மாடி ஏறிப்போய் அக்கா, அந்தப் பேன்ட்டை மட்டும் அந்தப் பக்கம் போட்டுக்கோங்க என்று கேட்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டே மாற்றிப் போடுவார்கள்.

இரண்டு இடத்து ஃபைல்களையும் ஒன்றுபோல வைத்திருக்கும் நிரலைப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதினேன். இந்த வேலைக்கு ஏற்கெனவே நல்ல கருவிகள் இருப்பது எனக்குத் தெரியும். அதில் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு என் கையால் எழுத வேண்டும் என்றிருந்தது. நாள் முழுக்க மற்றவர்கள் நிரலில் குறை சொல்லிவிட்டு வருகிறவளுக்கு அந்த ஆசை எவ்வளவு இருக்கும் என்று இப்போது சொன்னால் புரியுமா தெரியவில்லை. சனி ஞாயிறுகளில் அண்ணியின் அறையில் தரையில் உட்கார்ந்து எழுதுவேன். என்ன செய்கிறாய் என்று அண்ணி கேட்பார். கடைக் கம்ப்யூட்டரிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற ஃபைல்களை எடுத்துப் பார்க்கும், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது புதுசோ அதைப் பழசின் மேல் எழுதிவிடும், இரண்டு இடத்திலும் ஒன்றே இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். அந்தப் பதிலுக்காக நான் பிறகு நிறைய வெட்கப்பட்டேன்.

மூன்று வாரத்தில் முடித்தேன். கடையை மூடும்போது கன்னடக்கார அக்கா திரையில் இருக்கும் 'சேர்' என்ற படத்தை ஒரு முறை தட்டினால் போதும். ஃப்ளாப்பி டப்பா அலமாரிக்குப் போனது. அண்ணி கட்டிலில் இருந்தபடி பகலில் அடிப்பது மறுநாள் காலை கடையில் அச்சுக்குத் தயாராக இருக்கும். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அண்ணன் தன் ஷிஃப்ட் நண்பர்களை எல்லாம் கூட்டிவந்து, கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் வந்தார். சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். தெருவின் கடைசியில் இருக்கும் சர்ச்சில் பாடுகிறவர். இருபது வருடமாக அவரே பாட்டு எழுதிவந்திருக்கிறார்: டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில், கையில் கிடைத்த தாள்களின் பின்பக்கத்தில். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு வருகிற எல்லாருக்கும் அந்தப் பாட்டுகளை ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணி அந்தக் கசங்கிய தாள்களைப் பார்த்துப் பார்த்து முப்பத்தெட்டுப் பாட்டுகளையும் அடித்து முடித்தார்.

பிழை பார்க்கக் கண்டக்டர் கடைக்கு வந்தார். காலை வேளைகளில் ஓய்வாக இருந்த மூன்று நாள், கன்னடக்கார அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு பாட்டையும் திருத்தினார். பிழை மட்டும் இல்லை. அச்சாகப் போகிறது என்றதும் பல இடங்களில் வரிகளையே மாற்றிவிட்டார். தாளில் ஒன்றும் குறிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அக்கா மெதுவாக அடித்தார்.

அந்த மூன்று நாளும் நல்ல மழை. முதல் நாளே ஒரு கிளை விழுந்து கேபிள் அறுந்துவிட்டது. மழை விடட்டும் என்று கேபிள் டிவி ஆள் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து ஒட்டிக் கொடுத்தார். நான் ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மூன்று நாளாகச் சேராதது எல்லாம் சேரட்டும் என்று நானே அந்தப் படத்தைத் தட்டினேன். வரிசையாகப் பெயர்கள் ஓடி, முடிந்தது என்று வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து போன் வந்தது. பாட்டுப் புத்தகத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை என்றார் அக்கா. நான் ஓடினேன். அவர் சொன்னது சரிதான். அண்ணி முதலில் அடித்த பிரதிதான் கடையிலும் இருந்தது, வீட்டிலும் இருந்தது. மூன்று நாள் வேலை எங்கேயும் இல்லை.

என் நிரல் அப்படிச் செய்யாது என்று பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு கடைக் கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி மாதத்தைக் காட்டியது. உள்ளே கடிகாரத்துக்கு என்று இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தது. மழையில் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டது. மூன்று நாளும் அக்கா சேமித்த ஃபைலுக்கு அந்தப் பழைய தேதி விழுந்திருக்கிறது. என் நிரல் தேதியை மட்டும்தான் பார்த்தது. வீட்டில் இருந்த திருத்தாத பிரதியைப் புதியது என்று நம்பி, திருத்திய பிரதியின் மேல் எழுதிவிட்டது.

"ஆன் பண்றப்போ எதாவது சொல்லுச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"தேதி சரியில்லன்னு ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு. எஃப் ஒன்னு அமுக்குன்னு போட்டிருந்துச்சு, அமுக்கினேன்" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சொல்லணும்னு நீ சொல்லவே இல்லியே மா" என்றார். அதில் கோபம் இல்லை. என் குரலில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அப்போது அவருக்கு ஏழாம் மாதம். அவருக்குப் படபடப்பு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சுற்றி வளைத்துச் சொன்னேன். கம்ப்யூட்டர் பேட்டரி, மழை, கரண்ட், அக்கா அமுக்கிய பட்டன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், எழுந்து உட்காரக் கை கொடுக்கச் சொன்னார்.

"பேட்டரி மேலயும் போடாத, அவ மேலயும் போடாத" என்றார். "நீ எழுதினது. நீ தட்டினது. நீயே போய் அவர்கிட்ட சொல்லு. நான் போன் பண்ணிச் சொல்றது நல்லா இருக்காது."

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் வண்டி வரும் வரைக்கும் நின்றேன். இறங்கியவர் என்னைப் பார்த்ததும், அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். நான் எழுதிய நிரல்தான் அழித்துவிட்டது, திரும்ப எடுக்க வழி இல்லை என்றேன். அவர் தோளில் தொங்கிய பையைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத மா. பாட்டு என்கிட்டதான இருக்கு, மெஷின்லயா இருக்கு?" என்றார். "நாளைக்குக் காலைல வரேன். ஆனா கடைக்கு வேணாம், வீட்டுக்கே வரேன். அம்மா அடிச்சது, அவங்களும் கேக்கட்டும்."

அம்மா என்று அவர் சொன்னது அண்ணியை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டோம். அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தார். அவரை அடிக்க விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். நான்தான் அடித்தேன். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது. அண்ணி படுத்தபடியே, அது ஷிஃப்ட் போட்டு, கொம்பு முதல்ல, எழுத்து அப்புறம் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனது. கண்டக்டர் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

நாலாவது பாட்டிலேயே அவர் நின்றுவிட்டார். கடையில் எதை மாற்றினார் என்று நினைவு வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, பாடிப் பாக்கட்டுமா, தொந்தரவா இருக்குமா என்று அண்ணியைக் கேட்டார். பாடுங்க என்றார் அண்ணி.

மெல்லிய குரலில்தான் ஆரம்பித்தார். பஸ்ஸில் ஸ்டாப் பெயர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தத் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. மறந்த வரிக்கு வந்தபோது வாய் தானாகவே புதிய சொல்லைப் பாடிவிட்டது. அவரே சிரித்தார். நான் அடித்தேன். அதன் பிறகு எல்லாப் பாட்டையும் பாடித்தான் திருத்தினார். பத்துப் பதினைந்து பாட்டு ஆனதும் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டின் நடுவில் அண்ணி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே குழந்தை உருண்டுகொண்டிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், பாட்டை நிறுத்தவில்லை.

இரண்டு காலை ஆனது. முப்பத்தேழு பாட்டு முடிந்தது. கடைசிப் பாட்டில் ஒரு சொல் மட்டும் எத்தனை முறை பாடியும் வரவில்லை. பரவாயில்லை, பழைய சொல்லே இருக்கட்டும் என்று கிளம்பிப் போனார். மறுநாள் மத்தியானம் கடைக்கு ஒரு போன். ஏதோ பஸ் நிலையத்து ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"கரை இல்ல மா, துறை. துறைன்னு போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். கன்னடக்கார அக்காவே அதை அடித்துச் சேமித்தார். பிறகு வீட்டுக்கு நடந்து வந்து, சேமித்துவிட்டேன் என்று என்னிடம் நேரில் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். விடு மா, சும்னே எதுக்கு இதெல்லாம் என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அச்சாகி வந்தது. கல்யாணத்துக்கு நானும் அண்ணனும் போயிருந்தோம். வாசலில் நின்று கண்டக்டரே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த நிரலை உண்மையில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். கடிகாரத்தை நம்புவதை விட்டேன். கடைசியாக இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தபோது ஒவ்வொரு ஃபைலும் எப்படி இருந்தது என்பதை வீட்டு சர்வர் குறித்துவைத்துக்கொள்ளும். அதிலிருந்து எந்தப் பக்கம் மாறியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை எடுக்கும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் தானாக எதையும் முடிவு செய்யாது. இரண்டையும் வைத்துவிட்டு மனிதர்களைக் கேட்கும். எதன் மேலாவது எழுத வேண்டியிருந்தால், பழையதை முதலில் 'பழசு' என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டுத்தான் எழுதும். இதில் எதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. நல்ல கருவிகளை எழுதியவர்கள் எப்போதோ செய்துவைத்தவைதான். ஆனால் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கன்னடக்கார அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் என்ன வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். புரியாத இங்கிலீஷ் ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது என்றார். அவருக்காகக் கன்னடத்திலும் செய்தி வரும்படி செய்தேன். என் கன்னட எழுத்துப் பிழைகளை அவர்தான் திருத்தினார்.

அண்ணிக்கு நாள் கடந்து, சிசேரியன் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அவர் குழந்தையோடு கடைக்கு வர ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கடை, கொஞ்ச நேரம் வீடு. எங்கே உட்கார்ந்தாலும் அவர் வேலை அங்கே இருந்தது.

ஆபீஸில் ஊழியர்களிலிருந்தே ஆள் எடுக்க ஒரு நேர்காணல் நடந்தபோது, நீயாக ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று கேட்டார்கள். இந்த நிரலைப் பற்றிச் சொன்னேன். என்ன தப்பு செய்தாய் என்று ஒருவர் கேட்டார். அதையும் மறைக்காமல் சொன்னேன். நிரல் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகிப் புனேவுக்குப் போக வேண்டியிருந்தது. போகும் முன், சர்வர் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இது உனக்குப் புரியற மாதிரி எழுதியிருக்க, எனக்குப் புரியற மாதிரி எழுது என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை எழுதினேன். மூன்றாவதை அவரே டைப் அடித்து, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினார். நான் போன பிறகு நாலு வருடம் அதை அவரும் அக்காவும்தான் ஓட்டினார்கள். இடையில் ஹார்டு டிஸ்க் ஒரு முறை போய்விட்டது. புதியதைப் போட்டு, வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார் அண்ணி. ஏன் அண்ணி முதல்லயே கூப்பிடல என்று கேட்டேன். சுவத்துலதான் எல்லாம் இருந்துச்சே, நீ ஆபீஸ்ல இருப்பியேன்னு விட்டுட்டேன் என்றார். பிறகு குழந்தை பள்ளிக்கூடம் போவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.